மானுக்கு நின்ற பிணை

நபித்தோழர் ஷரீத் இப்னு சுவைத் (ரலி) அவர்கள் ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாகனத்தில் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து சென்றார்கள். உமய்யா இப்னு அபிஸ்ஸல்த் பாடிய கவிதைகளில் ஏதேனும் உமக்கு நினைவிருக்கிறதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஆம் என்றதும் சொல்லுமாறு பணித்தார்கள். ஒரு பைத்துச் சொல்லப்பட்டது. இன்னும் சொல்க என்றார்கள். மற்றொன்று சொல்லப்பட்டது. இன்னும் என்றார்கள். இவ்வாறே நூறு பைத்துகள் வரை சென்றது என ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உமய்யாவோ இஸ்லாத்தை ஏற்காமலே மறைந்த கவிஞர்.

இந்த நபிமொழியை நம் இதழ்களிலும் மாநாட்டு மலர்களிலும் பலமுறை கண்டிருக்கிறோம். கவிதைக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்று நிறுவ வேண்டிய போதெல்லாம், ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயத்தின் இறுதி வசனங்களுக்கு (26:224-227) விளக்கம் கூறிவிட்டு, அடுத்ததாக இதனை எடுத்து வைப்பது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அனுமதியை நிறுவுவதற்கு ஒரு பைத்தே போதுமானது. எஞ்சிய தொண்ணூற்றொன்பதும் எதற்காகக் கேட்கப்பட்டன? ‘இன்னும்’ என்ற அச்சொல்லின்மீது நின்று எழுதப்பட்ட ஒரு கட்டுரையேனும் நம் பார்வைக்குப் படவில்லை. கவிதை ஆகுமானதா என்ற வினாவுக்கு விடை தேடிக் களைத்துப் போன நாம், கவிதை ஏன் வேண்டியிருக்கிறது என்ற வினாவைக் கேட்க மறந்தோம்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத் திறனாய்வு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் துறையின் நிலையும் இதுவே. ம.மு. உவைஸ் அவர்கள் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிய தம் ஆங்கில நூலை 1953-இல் வெளியிட்டபோது, அத்தகைய நூல்கள் இருக்கின்றன என்பதையே தமிழுலகம் அறியாதிருந்தது. பெயர்களைத் திரட்டுவதும், காலத்தை வரையறுப்பதும், காப்பியம், மாலை, கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர், முனாஜாத்து என வகைப்படுத்துவதும் அன்றைய முதற்கடமை. 1973-இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடும் அந்தக் கடமையையே மேற்கொண்டது. அம்முன்னோடிகளுக்கு நாம் பட்டுள்ள கடன் சிறிதன்று. எனினும் அடித்தளம் இட்டவர்களின் வேலையையே அடுத்தடுத்த தலைமுறைகளும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் வீடு எப்போது எழும்? எத்தனை காப்பியங்கள், எத்தனை படலங்கள், எத்தனை அரபுச் சொற்கள் என்று எண்ணி முடித்ததும் நம் கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. ஒருவர் இந்நூலை நேசித்தாரா, நேசித்தார் எனில் எந்த இடத்தில் நெஞ்சு நெகிழ்ந்தார் என்பதற்கு அங்கே இடமில்லை. அது ஆய்வு நெறிக்கு இழுக்கு என்றே கருதப்படுகிறது.

கம்பனுக்கு ஒரு மு.மு. இஸ்மாயீல் வாய்த்தார். 2005-இல் மறைந்த அந்த நீதியரசர், கம்பனின் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வழக்கின் சாட்சியத்தை எடையிடுவது போல எடையிட்டு, பின்னர் அச்சொல்லிலேயே கரைந்து போவார். அவர் எழுத்தில் ஆய்வும் அன்பும் பகையின்றிக் குடியிருந்தன. உமறுப்புலவருக்கு அப்படி ஒரு வாசகர் இன்றளவும் வாய்க்கவில்லை என்பது நம் எண்ணம். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) சீறாவுக்கு உரை வகுத்தார். அந்தப் பெரும்பணியின் நிழலில்தான் இன்றும் நாம் சீறாவைப் படிக்கிறோம். ஆயினும் உரை வேறு, உறவு வேறு.

இதை எழுதும் நாம் குற்றத்திற்கு அப்பாற்பட்டவரல்லர். அதனைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

நம் பாட்டியார், நாம் உம்மும்மா என்றழைத்தவர், பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். திருக்குர்ஆன் ஓதத் தெரியும். அவ்வழியே அரபுத் தமிழ் ஏடுகளையும் வாசிப்பார். தமிழ் எழுத்து தெரியாது. அக்காலத்தில் ஊரின் பெரிய வீடுகளில் சீறா வாசிப்பு நடைபெறும். ஆலிம் ஒருவர் பாடலை இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் கூறுவார். பெண்கள் திரைக்குப் பின்னால் அமர்ந்து கேட்பார்கள். அங்கே செவிவழிப் பெற்ற ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ அவரிடம் பாதி பாட்டாகவும் பாதி கதையாகவும் தங்கியிருந்தது. மஃரிபுக்குப் பின் முற்றத்தில் பாயை விரித்து அவர் அதைச் சொல்லும்போது, வேடன் வந்து மானைக் கட்டும் இடத்தில் குரல் தாழும். மான் தன் கன்றை நினைக்கும் இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். கதை முடிவு அறிந்த ஒருவர், அதனை நூறுமுறை சொல்லிய ஒருவர், ஏன் நூற்றோராவது முறையும் அழ வேண்டும்? அன்று அது நமக்கு வினாவாகத் தோன்றவில்லை.

மான் தன் கன்றுக்குப் பாலூட்டும் இடம் வந்ததும் அவர் கதையை நிறுத்திவிடுவார். மிச்சம் நாளைக்கு என்பார். ஓர் இரவு உறக்கம் வராமல், “மான் திரும்பி வந்துச்சா உம்மும்மா?” என்று கேட்டோம். இருளில் அவர் விடை வந்தது: “பிணை நின்டது யாரு வாப்பா? அது வராம இருக்குமா?”

பின்னர் நாம் படித்தோம். கல்லூரிக் காலத்தில் மார்க்க நூல்களை ஆர்வத்தோடு கற்கத் தொடங்கினோம். மான் பேசிய இச்செய்தி பைஹகீ, அபூ நுஐம் போன்றோர் நபித்துவச் சான்றுகளைத் தொகுத்த நூல்களில் வருவதையும், அதன் அறிவிப்பாளர் தொடர்களைப் பலவீனமானவை என ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் கூறியிருப்பதையும் அறிந்தோம். விடுமுறையில் ஊர் சென்றபோது, அறிந்ததைச் சொல்லாமலிருக்க இளமை விடவில்லை. முற்றத்தில் பேரக் குழந்தைகளுக்கு அவர் கதையைத் தொடங்கியபோது குறுக்கிட்டு, இந்தச் செய்தி உறுதியானதன்று, இதை நாயகத்தின் பெயரால் சொல்லக்கூடாது என்று விளக்கினோம். அவர் வாதிடவில்லை. “அப்புடியா வாப்பா” என்று மட்டும் கேட்டார். அதன்பின் அவர் அக்கதையைச் சொல்லி நாம் கேட்டதில்லை. ஈராண்டுகளில் அவர் மறைந்தார்.

நாம் சொன்னது பிழையன்று. இன்றும் அதை மறுக்கவில்லை. உறுதியற்ற ஒரு செய்தியின்மீது நம்பிக்கையையோ சட்டத்தையோ எழுப்ப இயலாது. நபிகளாரின் பெயரால் கூறப்படுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பது முன்னோர் உயிரைக் கொடுத்துக் காத்த நெறி. ஆனால் நாம் சரியாகச் சொன்னோமே அல்லாமல், எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்லவில்லை. ஒரு செய்தியின் தொடரை ஆராயும் கருவியைக் கொண்டு ஒரு கவிதையின் உயிரைத் தொட முற்பட்டோம். அக்கவிதையை நாம் அதுவரை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் படித்தோம். சீறாப்புராணம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. 1842-இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் அதனை அச்சேற்றினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 92 படலங்கள். 5,000-க்கு மேற்பட்ட விருத்தங்கள். நபிகளாரின் வாழ்வை முழுமையும் பாடுமுன்பே நூல் நின்றுவிடுகிறது. இவ்வளவும் எல்லாக் கட்டுரைகளிலும் உள்ளதே. சீறா முழுவதும் ஒரே தரத்தில் அமைந்த காப்பியம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நாட்டு வருணனையிலும் நகர வருணனையிலும் உமறு காப்பிய மரபுக்குக் கட்டுப்பட்டு, மக்கமா நகரைத் தமிழ் மருதமாக்கிக் காட்டும் இடங்களில் புலமை தெரிகிறது, புலவர் தெரிவதில்லை. போர்ப் படலங்கள் சிலவற்றில் கம்பனின் எதிரொலி உமறுவின் குரலை மூடிவிடுகிறது. மானுக்குப் பிணை நின்ற படலத்தில் அவர் எவருடைய நிழலிலும் நிற்கவில்லை.

அரபு நூல்களில் சில வரிகளில் அடங்கிவிடும் செய்தி இது. உமறு அதனை ஒரு படலமாக விரித்தார். விரித்தது வருணனைக்காக அன்று. கட்டுண்ட மான் நாயகத்தைக் கண்டதும் தன் உயிரைக் காக்குமாறு கேட்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். விடுதலை அதன் வேண்டுகோள் அன்று. பசித்திருக்கும் கன்றுக்குப் பாலூட்டி, இனத்திடம் செய்தி சொல்லித் திரும்புவதற்கான சிறிது நேரமே அது கேட்பது. சாவை ஏற்றுக்கொண்ட ஒரு தாயின் சிறிய வேண்டுகோள் அது. பெரிய வேண்டுகோளாக இருந்திருப்பின் நாம் இரக்கம் கொண்டிருப்போம். சிறியதாக இருப்பதால் நெஞ்சு தாங்குவதில்லை. வேடன் நகைக்கிறான். காட்டுக்குச் சென்ற விலங்கு கட்டுக்குத் திரும்புமா என்ற அவன் ஐயம் அறிவுடையதே. உமறு அவனை அரக்கனாக்கவில்லை. அவன் பசியும் இப்படலத்தில் ஒரு பசிதான். அந்த ஐயத்திற்கும் அந்த வேண்டுகோளுக்கும் இடையில் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மையே பிணையாக நிறுத்துகிறார்கள்.

இங்கே தமிழ் மொழி உமறுவுக்குச் செய்த உதவி ஒன்றுண்டு. பிணை என்பது ஈடாக நிற்றல், பிணைத்தல் கட்டுதல், பிணை என்பதே பெண்மானுக்கும் பெயர். கலையும் பிணையும் என ஆண்மானையும் பெண்மானையும் சேர்த்துச் சொல்வது சங்க மரபு. பாலைக்கலியில் தன் பிணைக்கு வெயிலில் தன் நிழலையே நிழலாகக் கொடுத்து நிற்கும் கலைமானைத் தமிழ் கற்றோர் அறிவர். பிணிக்கப்பட்ட பிணைக்குப் பிணை நிற்றல் என்ற நிகழ்ச்சி, வேறெந்த மொழியிலும் இப்படி ஒரே சொல்லுக்குள் சுருங்கி அமர்ந்திருக்க முடியாது. அரபியில் இச்செய்தியைப் படித்தவர் நாயகத்தின் கருணையை அறிவார். தமிழில் படிப்பவரோ, கட்டும் விடுதலையும் உயிரும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பதைத் தம் தாய்மொழியின் நினைவிலேயே உணர்கிறார். நம் பாட்டியார் சங்கப் பாடல் எதனையும் கேட்டவரல்லர். ஆயினும் “பிணை நின்டது யாரு” என்று அவர் கேட்டபோது, படலத்தின் முழுப் பாரமும் அந்தச் சொல்லின்மீதுதான் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

இதைக் கன்னட நாட்டார் மரபின் புகழ்பெற்ற பசுவின் பாடலோடு வைத்துப் பார்ப்பது பயன் தரும். புண்ணியகோடி என்னும் பசு, தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாகப் புலிக்கு வாக்களிக்கிறது, திரும்புகிறது, நாணிய புலி தன் உயிரை மாய்த்துக்கொள்கிறது. கரு ஒன்றே போலத் தோன்றும். ஆனால் அங்கே பசுவுக்கும் புலிக்கும் இடையில் எவரும் இல்லை. பசு தன் வாய்மைக்காகத் திரும்புகிறது. அது அறத்தின் வெற்றி. சீறாவில் மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். மான் திரும்பாவிட்டால் பழி மானுக்கன்று, அவருக்கு. ஆகவே இனத்திலுள்ள பிற மான்கள் போகாதே என்று தடுக்கும்போது, நம் மான் கூறும் மறுமொழியில் வாய்மை என்ற கோட்பாடு முன்னிற்பதில்லை. தனக்காக அங்கே ஒருவர் காத்து நிற்கிறார் என்ற தவிப்பே முன்னிற்கிறது. முன்னையது மதிப்பை எழுப்புகிறது, பின்னையது அன்பை. இனத்தின் வாதத்தை உமறு வலுவாகவே அமைத்திருக்கிறார் என்பதும் நோக்கத்தக்கது. பிழைத்து வந்தவள் மீண்டும் சாவை நோக்கிச் செல்வது அறிவீனம் என்பதை யாரால் மறுக்க முடியும்? அறிவுக்கு அறிவினால் விடை கூறாமல் மான் நடக்கத் தொடங்குகிறது. கன்றும் பின்தொடர்கிறது. தாயும் கன்றுமாக வந்து நிற்பதைக் கண்ட வேடன் இஸ்லாத்தை ஏற்கிறான், மான் விடுவிக்கப்படுகிறது.

வேடனின் மனமாற்றத்தை உமறு சற்று விரைவாகவே முடித்துவிட்டார் என்பது நம் குறை. நகைத்த அந்த மனம் உடைந்த கணத்தை அவர் நமக்குக் காட்டியிருக்கலாம். காப்பியத்தின் நோக்கம் கவிஞரின் கையைப் பற்றி இழுத்துச் சென்றுவிட்டது. பாலூட்டும் இடத்தில் கதையை நிறுத்திய பாட்டியாரின் செயலை நாம் நெடுநாள் மறதி என்றே எண்ணியிருந்தோம். இப்போது அதனை ஒரு திறனாய்வுத் தீர்ப்பாகவே கொள்கிறோம்.

இனி, அந்தப் பழைய தடைக்கு வருவோம். உறுதியற்ற செய்தியைப் பாடிய கவிதையை நேசிப்பது எங்ஙனம்? இதற்கு எளிய விடை கூறித் தப்பிக்க நாம் விரும்பவில்லை. கவிதைக்கு எதுவும் ஆகும் என்று சொன்னால், வாழ்ந்து மறைந்த ஒரு திருத்தூதரின் வரலாற்றைக் கட்டுக்கதையாக்கும் வாயில் திறந்துவிடும். ஆனால் அபூ தாவூதில் இடம்பெறும் வேறு இரு செய்திகளை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். பயணம் ஒன்றில் தோழர்கள் சிறுபறவை ஒன்றின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொள்ள, தாய்ப்பறவை சிறகடித்துத் தவிக்கிறது. அதன் குஞ்சின் பொருட்டு அதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணிக்கிறார்கள். மற்றொன்றில், அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நாயகத்தைக் கண்டு முனகிக் கண்ணீர் வடிக்கிறது. அவர்கள் அதன் காதின் பின்புறத்தைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தி, இந்த வாயற்ற உயிரின் விடயத்தில் இறைவனை அஞ்சுமாறு உரிமையாளரிடம் கூறுகிறார்கள். அங்கே பறவை பேசவில்லை, ஒட்டகமும் பேசவில்லை. பேசாத உயிரின் துயரம் அங்கே கேட்கப்பட்டது. உமறுவின் மான் பேசுகிறது. கவிதையில் அது பேசித்தான் ஆக வேண்டும். கேட்கும் செவி இரண்டிலும் ஒன்றே. மானின் பேச்சுக்குச் சான்று பலவீனமானதாக இருக்கலாம். அதைக் கேட்ட கருணைக்குச் சான்று பலவீனமானதன்று. கவிதை எதை நம் நெஞ்சில் நிலைநிறுத்துகிறதோ அது உறுதியான ஒன்றையே நிலைநிறுத்துகிறது என்பதை இருபது வயதில் அறிந்திருந்தோமாயின், முற்றத்தில் வேறு விதமாகப் பேசியிருப்போம். இது வரலாறு என்று சொல்லாதீர்கள், உமறு பாடியது என்று சொல்லுங்கள் என்றிருப்போம். அவரும் அவ்வாறே சொல்லியிருப்பார்.

கவிதையின் உணர்வு மதிப்பு என்று நாம் கூறுவது கண்ணீரை மட்டுமன்று. குணங்குடி மஸ்தான் சாகிபின் எக்காலக் கண்ணியைப் படிக்கும்போது கண்ணீர் வருவதில்லை. ஒருவகை நிலைகொள்ளாமை வருகிறது. எப்போது, எப்போது என்று ஒவ்வொரு கண்ணியும் கேட்டு விடை பெறாமலே அடுத்த கண்ணிக்கு நகர்கிறது. பத்திரகிரியாரின் புலம்பல் மரபில் வந்த அந்த வடிவத்தை அவர் தம் தாகத்தால் நிரப்பினார். சைவப் புலவரான திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியதைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாக மேடைகளில் எடுத்துக்காட்டுவோம். நல்லிணக்கம் பின்னர் வந்த பெயர். ஒரு கவிதை மனம் மற்றொரு கவிதை மனத்தை நேசித்தது என்பதே நடந்தது. தக்கலையில் பீர்முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவு முழுவதும் கூடியிருந்து பாடுவோரில் எத்தனை பேருக்கு ஒவ்வொரு பாடலுக்கும் பொருள் தெரியும் என்று ஆய்வாளர் ஒருவர் நம்மிடம் கேட்டார். பொருள் தெரிந்தவர் எத்தனை பேர் விடியும்வரை அமர்ந்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவர் கேள்வியிலும் நியாயமுண்டு. பொருளை இழந்த ஓசை ஒரு தலைமுறை தாங்கும். இரண்டு தலைமுறை தாங்குமா என்பது ஐயமே. சீறா வாசிப்பு நடந்த வீடுகளில் இன்று அந்த ஓசையும் இல்லை.

பாட்டியார் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், சீறாப்புராணத்தின் அமைப்பைப் பற்றிக் கருத்தரங்கு ஒன்றுக்காக நாம் ஒரு கட்டுரை எழுதினோம். நன்றாக இருந்ததாகவே சொன்னார்கள். அண்மையில் அந்த மலரைத் தேடி எடுத்துப் பார்த்தோம். படலங்கள் 92-க்கும் ஒவ்வொரு வரிக் குறிப்பு எழுதியிருக்கிறோம். இந்தப் படலத்துக்கு நேரே நம் கையால் எழுதப்பட்டிருப்பது இது: விலங்குகளிடத்தும் இரக்கம் காட்டல், கற்பனை நயம் உடையது.